ஆறாவது கூடை

என் பிரிவுபசார விழாவில் நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். நம் கம்பைலரில் இருப்பதிலேயே பழைய பகுதியைத் திரையில் பெரிதாகப் போட்டு, அதிலிருந்த ஒரு குறிப்பு வரியைச் சிவப்பு வட்டத்துக்குள் காட்டினீர்கள். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரிக்குப் பொருள் இதுதான்: ‘இந்தச் சோதனை பாலுவுடையது. எடுத்துவிடாதீர்கள்.’ எல்லோரும் கைதட்டினீர்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், “கல்வெட்டு மாதிரி இருக்கு சார் உங்க பேர்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்து இன்னொரு முறை கைதட்டினீர்கள்.

அந்தப் பகுதி இதுவரை மூன்று முறை வேறு வேறு மொழிகளில் திருப்பி எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்த வரி மட்டும் ஒவ்வொரு முறையும் கூடவே வந்திருக்கிறது. நம் தொழிலில் நிரலை மாற்ற எல்லோருக்கும் தைரியம் உண்டு. இயந்திரம் படிக்காத குறிப்பு வரியை நீக்க மட்டும் யாருக்கும் கை வராது. எவன் எதற்கு எழுதினானோ, என்ன சாபமோ என்று விட்டுவிடுவார்கள்.

கல்வெட்டு என்றது சரிதான். ஆனால் கல்வெட்டில் எல்லாமே கொடை பற்றியதாக இருக்காது. குற்றத்தையும் அதற்கான தண்டனையையும் வெட்டி வைத்த கல்வெட்டுகளும் எங்கள் பக்கத்துக் கோயில்களில் உண்டு. விளக்கெரித்துப் படித்தால்தான் தெரியும். அன்றைக்கு மேடையில் அதைப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

அந்த வரியை எழுதியவன் கலியமூர்த்தி. உங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு ஒரு வயது மூத்தவன். எனக்கு ஒரு வருடம் முன்னால் ஓய்வு பெற்றுவிட்டான். அதிலும் முந்திக்கொண்டான்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். நானும் அவனும் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தோம். நான் காரைக்காலுக்குத் தெற்கே போலகத்துக்காரன். அவன் கருக்களாச்சேரி, கடல் தொழில் செய்கிற குடும்பம். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் நாங்கள் ‘ரெண்டு காரைக்கால் பசங்க’. போலகத்தையும் கருக்களாச்சேரியையும் ஒரே ஊர் என்று சொல்வது சென்னையில் மட்டும்தான் முடியும். இரண்டு ஊருக்கும் நடுவே சைக்கிள் போகும், சம்பந்தம் போகாது.

அப்போது கணினி என்பது உங்கள் மடியில் இருக்கவில்லை. குளிரூட்டிய அறையில் அது இருந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நாங்கள் இருந்தோம். நிரலின் ஒவ்வொரு வரியையும் ஒரு அட்டையில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, காலையில் ஜன்னலில் கொடுக்க வேண்டும். சாயங்காலம் அச்சடித்த தாள் வரும். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் ஒரு நாள் போயிற்று. நான் கட்டைக் கொடுத்துவிட்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவனைப் போல அந்த ஜன்னல் முன்னாலேயே நிற்பேன். கலியமூர்த்தி டீ குடிக்கப் போவான். திரும்பி வரும்போது அவனுடையது சுகப்பிரசவமாகியிருக்கும்.

அவன் நிரலை மைப்பேனாவால் எழுதுவான். இதன் அர்த்தம் உங்களுக்குப் புரிய வேண்டும். நாங்கள் எல்லோரும் பென்சிலால் எழுதி, அழித்து, தாள் கிழிந்து, அடுத்த தாள் எடுத்து எழுதுகிறவர்கள். அவன் கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதுவதைப் போல மைப்பேனாவால் நேராக எழுதிக்கொண்டே போவான், நடுநடுவே என்னிடம் சினிமா பற்றிப் பேசிக்கொண்டே. அந்தப் பேனாவைப் பார்க்கும்போதெல்லாம் என் பென்சிலை மறைத்துக்கொள்ளத் தோன்றும். அது மூடி உடைந்து நூல் சுற்றிய பழைய பேனா என்பது இன்னும் மோசம். நல்ல பேனாவாக இருந்தால் பேனாவின் மேல் பழி போட்டிருக்கலாம்.

அந்த ஆண்டு கம்பைலர் பாடம். உங்கள் வீட்டில் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்காக ஒரு வரி: மனிதன் எழுதுகிற நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மொழியில் மாற்றிக் கொடுக்கிற நிரல்தான் கம்பைலர். மொழிபெயர்ப்பாளன் வேலை. சரியாகச் செய்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்கிற மொழிபெயர்ப்பாளனின் தலையெழுத்து அதற்கும் உண்டு. எங்கள் பேராசிரியர் ஒரு சின்ன மொழியை அவரே உருவாக்கி, அதற்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு கம்பைலர் எழுத வேண்டும் என்றார்.

கூடவே ஒரு விதி போட்டார். ஒவ்வொருவர் நிரலையும் இன்னொருவர் தாளிலேயே ஓட்டிப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இயந்திரம் செய்வதை மனிதன் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகச் செய்து பார்ப்பது.

“பெத்தவனுக்குப் பிள்ளையோட மூக்கு கோணல்னு தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன்தான் சொல்லணும்” என்றார். குரலை உயர்த்தவே மாட்டார் அவர். பின்வரிசைக்காரன் கூர்ந்து கேட்க வேண்டியிருக்கும். அதனாலேயே யாரும் தூங்க மாட்டார்கள்.

எனக்கும் கலியமூர்த்திக்கும் ஜோடி போட்டார். “ரெண்டு பேரும் ஒரே ஊர்தானே. பொங்கல் லீவுல பார்த்துக்கோங்க.” விடுமுறைக்குப் போகுமுன் நிரலின் ஒரு பிரதியை எல்லோரிடமும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

இதில் எனக்கும் அவனுக்கும் மட்டும் ஒரு விஷயம் தொங்கிக்கொண்டிருந்தது. நம் நாட்டிலேயே தயாரான ஒரு கணினிக்குக் கம்பைலர் எழுத பேராசிரியர் ஒரு குழு தொடங்கியிருந்தார். ஆம், இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தக் குழுதான். அதில் எங்கள் வகுப்பிலிருந்து ஒருவருக்கு இடம். ஒரே ஒருவருக்கு. மற்றவர்களுக்கு அமெரிக்கா இருந்தது. எனக்கும் கலியமூர்த்திக்கும் அந்த நாற்காலி மட்டும்தான் இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். வீட்டில் அறுவடை அமர்க்களம். அப்பா காரைக்காலில் நொத்தேர் ஆபீசில் எழுத்தர். பத்திரம் பதிகிற இடத்துக்குப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பெயர் அது; ஆபீசும் பெயரும் அப்படியே இருந்தன. அப்பா நாள் முழுக்கப் பிறர் கையெழுத்துகளைப் பார்த்து வாழ்ந்தவர். யாரையாவது விசாரித்தால் முதல் கேள்வி, “கையெழுத்து எப்படி இருக்கும்?” என்பதுதான்.

“அந்தக் கருக்களாச்சேரிப் பையன் எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்டார்.

“நல்லா படிக்கிறாம்ப்பா.”

“உன்னவிடவா?”

நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன். அவர் சொல்லாமல் விட்ட வாக்கியத்தில் நிலம் இருந்தது, தெரு இருந்தது, இன்னும் என்னவெல்லாமோ இருந்தன. என்னுடைய பொறாமையில் அதெல்லாம் துளியும் கலக்கவில்லை என்று சத்தியம் செய்ய எனக்கும் ஆசைதான்.

மறுநாள் தாள் கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு கருக்களாச்சேரிக்குப் போனேன். காணும் பொங்கல் முடிந்த அடுத்த நாள். வீட்டு வாசலில் கலியமூர்த்தியின் அம்மா மீன் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்.

“வாங்க தம்பி. போலகத்துலேருந்து சைக்கிள்லயா வந்தீங்க? மூஞ்சி எப்படிக் கருத்துப்போச்சு பாருங்க.”

“அது பொறந்ததுலேருந்தே அப்படித்தாம்மா” என்றான் கலியமூர்த்தி உள்ளேயிருந்து.

முதலில் என் நிரலை எடுத்துக்கொண்டான். ஒரு மணி நேரத்தில் மூன்று தவறு. ஒவ்வொன்றையும் கண்டவுடனே, “பாலு, இங்க வாயேன், இது சரியா வருமா?” என்று கூப்பிட்டுக் காட்டினான். மூன்றாவது தவறு எப்படிப்பட்டதென்றால், அது பேராசிரியர் கண்ணில் பட்டிருந்தால் நான் மறுபடி இளங்கலையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். நன்றி சொன்னேன். பற்களுக்கு நடுவிலிருந்து வந்த நன்றி. தவறைக் கண்டுபிடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதைக் கண்டுபிடித்ததில் அவனுக்கு ஒரு சந்தோஷமும் இல்லாமலிருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நானாக இருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்!

பிறகு அவனுடைய நிரல். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி வரும்போது கம்பைலர் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியே பாதியில் நிற்கிற கணக்கை ஒரு அடுக்கில் எடுத்து வைத்துவிட்டு, உள்ளே போகும். உள்ளே முடிந்ததும் மேலே இருப்பதை எடுக்கும். அதைத் தாளில் எழுதி எழுதி அழிப்பது பெரும் தொல்லை.

“கூடையவே அடுக்கா வெச்சுப்போம்டா” என்றான் கலியமூர்த்தி. “நான் ஒவ்வொரு குறியா வாசிக்கிறேன். நீ கம்பைலர். எடுத்து வெக்கிறத ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கூடையில போடு.”

“என்னாடா இது, கூடைய வெச்சுக்கிட்டு?” என்றார் அம்மா.

“இதுதாம்மா கம்ப்யூட்டர்.”

“இதுக்கா மெட்ராசு போயிப் படிக்கிற? இங்கயே பத்து கெடக்குதே!” என்று சிரித்தார். “மூணு மணிக்குக் கட்டுமரம் கரைக்கு வந்துரும், எனக்குக் கூடை வேணும். அஞ்சுக்கு மேல அடுக்காதீங்க. சாஞ்சிரும்.”

ஒன்றுக்குள் ஒன்று இறங்காத அகலக் கூடைகள் அவை. ஒன்றின் வாய்மேல் ஒன்று உட்காரும். கலியமூர்த்தி வாசித்தான், நான் அடுக்கினேன். ஒரு அடைப்புக்குறி, ஒரு கூடை. மூன்று. நான்கு. ஐந்து. எங்கள் கணக்கில் ஏழு அடைப்புக்குறி இருந்தது.

“ஆறு” என்றான்.

ஆறாவது கூடையை வைத்தேன். ஒரு விநாடி நின்றது. பிறகு மொத்தமும் சாய்ந்து, எங்கள் வாசலில் விழாமல், பக்கத்து வீட்டு அத்தை ஓலைப்பாயில் காயவைத்திருந்த நெத்திலிக் கருவாட்டின் மேல் போய் விழுந்தது.

அந்த அம்மாள் வெளியே வந்தார். “ஏண்டா மூர்த்தி! ஒங்க கம்ப்யூட்டர ஒங்க வாசலோட வெச்சுக்கக் கூடாதா? எந் நெத்திலி என்னாடா பாவம் பண்ணிச்சு?”

“அத்தே, அத்தே, நானே அள்ளித் தர்றேன் அத்தே” என்று அவன் ஓடினான்.

நான் ஓடவில்லை. தாளைப் பார்த்தேன். அவன் நிரலில் அந்த அடுக்குக்கு இருபது இடம் ஒதுக்கியிருந்தான். இருபத்தொன்றாவது வந்தால் என்ன ஆகும் என்று அவன் எங்குமே கேட்கவில்லை. நாங்கள் எழுதிய மொழியில் இயந்திரமும் கேட்காது. எடுத்து வைக்கச் சொன்னதைப் பக்கத்து வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடும். பக்கத்து வாசலில் இருந்தது மாறிகளின் பெயர்ப் பட்டியல். சத்தம் வராது, நிரல் நிற்காது. நெத்திலி நசுங்கும், விடை தப்பாக வரும், யாரும் திட்டிக்கொண்டு வெளியே வர மாட்டார்கள்.

மைப்பேனாக்காரன் தவறிவிட்டான்! என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான சந்தோஷத்தை அதற்கு முன் அனுபவித்ததில்லை. பிற்பாடு வந்த தலைதீபாவளிக்குக்கூட இரண்டாம் இடம்தான்.

நெத்திலியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு அவன் வந்தான். “எதுவரைக்கும் வந்தோம்?”

“அஞ்சு வரைக்கும் வந்தோம். போதும்டா. அம்மாவுக்குக் கூடை வேணுமே.”

“ஏதாவது தப்பு கண்ணுல பட்டுதா?”

இந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இருந்த நேரம் மிகக் குறைவு. பிற்பாடு நான் அதை நிறைய நீட்டிப் பார்த்திருக்கிறேன்; யோசித்துத்தான் செய்தேன் என்றோ, யோசிக்காமல் செய்தேன் என்றோ ஏதாவது ஒன்று எனக்குச் சாதகமாக வருகிறதா என்று. வரவில்லை.

“இல்லடா. நல்லாருக்கு.”

அவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடத் தன் பேனாவையே நீட்டினான். நூல் சுற்றிய அந்த மைப்பேனா. அதை முதல்முறையாக அன்றுதான் பிடித்தேன். நன்றாக எழுதியது.

அம்மா சாப்பிடாமல் விடவில்லை. சங்கரா மீன் குழம்பு. குற்ற உணர்ச்சி பசியைக் கெடுக்கும் என்று எழுதுகிறவர்கள் அந்தக் குழம்பைச் சாப்பிட்டதில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சைக்கிளை எடுக்கும்போது கேட்டார்: “என்னா தம்பி, ஒரு மாதிரியா இருக்கீங்க?”

“வெயிலுங்க” என்றேன். தை மாதம்.

சென்னைக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, என் நிரலில் அதே இடத்தைப் பார்த்தது. என்னிடமும் அதே இருபது இடம், அதே ஓட்டை. மூன்று தவறு கண்டுபிடித்தவனுக்கும் அது தப்பிவிட்டது; தன் நிரலில் இருந்த ஓட்டையே என் நிரலிலும் இருந்ததால் அவனுக்குத் தெரியவில்லை போலும். ‘அடுக்கு நிரம்பிவிட்டால் சொல்லிவிட்டு நில்’ என்கிற சோதனையை நான்கு அட்டைகளில் துளையிட்டு என் கட்டுக்குள் நுழைத்தேன். அந்த நாலு அட்டைதான் நாற்காலி என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனை நாள் வந்தது. பேராசிரியர் தன் சோதனை நிரல்களை அன்றைக்குத்தான் வெளியே எடுத்தார். கடைசி நிரலில் ஒரு நீண்ட கணக்கு. அடைப்புக்குறி மேல் அடைப்புக்குறி. நான் விரல் வைத்து எண்ணினேன். பன்னிரண்டு, பதின்மூன்று. பிறர் எழுதிய அடைப்புக்குறிகளை நான் அவ்வளவு பக்தியோடு எண்ணியதே இல்லை. பதினாறு, பதினேழு, பதினெட்டு. அதோடு நின்றுவிட்டது. இன்னும் மூன்று போட்டால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும்?

இரண்டு பேருடைய கம்பைலரும் எல்லாச் சோதனையிலும் தேறின. மறுநாள் காலையில் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

மேசையில் கலியமூர்த்தியின் தாள் இருந்தது. அவர் எதையும் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பார். என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு நடுவே ஒரு பக்கத்தைத் திருப்பி, பென்சில் முனையை வைத்தார். சரியாக அந்த இடத்தில்.

“இதைக் கவனிச்சியா?”

“இல்ல சார். கவனிக்கல.”

அவர் என் தாளை எடுத்தார். எங்கள் அட்டைகளுக்கு ஓரத்தில் வரிசை எண் உண்டு. கட்டு கீழே விழுந்து கலைந்தால் திரும்ப அடுக்க. எல்லோரும் பத்து பத்தாகப் போடுவோம், நடுவில் ஏதாவது சேர்க்க இடம் வேண்டுமே என்று. என் தாளில் 640 இருந்தது. அடுத்து 641, 642, 643, 644. அதன் பிறகு 650. அலமாரியிலிருந்து நான் விடுமுறைக்கு முன் கொடுத்த பிரதியை எடுத்து அருகில் வைத்தார். அதில் 640. அடுத்து 650.

“லீவுக்குப் போறப்ப உனக்கு இது தெரியாது. வரும்போது தெரிஞ்சிருக்கு. நடுவுல நீ படிச்சது அவனோட ப்ரோக்ராம்.”

இரண்டு பிரதிகளையும் என் பக்கம் திருப்பி வைத்தார்.

“அடைப்புக்குறி பதினெட்டோட ஏன் நிறுத்தினேன் தெரியுமா? இருபத்தஞ்சு போட்டா விடை தப்பா வந்து மெஷினே காட்டிக்குடுத்துரும். மனுஷன் கண்டுபிடிக்கிறானான்னு நான் பார்க்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு. கவனிக்கலைன்னா உனக்கு இந்த வேலை தெரியலை. கவனிச்சேன்னா உன்னை வெச்சுக்கிட்டு நான் வேலை செய்ய முடியாது.”

இரண்டு பதிலுக்கும் ஒரே விலை என்று புரிந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் உண்மையைச் சொல்வதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை. “கவனிச்சேன் சார்” என்றேன்.

“அவன் தப்பு நாலு அட்டையில திருத்திடலாம்” என்றார் மெதுவாக. “உன்னோடதை எத்தனை அட்டையில திருத்தறது?”

இடம் கலியமூர்த்திக்கு. அதை அவனிடம் அவரே சொல்லிவிட்டதாகச் சொன்னார். காரணத்தைச் சொல்லவில்லை. “அந்த நாலு அட்டையை இன்னொரு பிரதி எடுத்து இன்னிக்கே அவன்கிட்ட கொடு. நீயே கொடு” என்றார். தண்டனை அவ்வளவுதான். இஸ்திரி போட்ட சட்டையோடு அட்டை துளையிடப் போனேன்.

வாசல் டீக்கடையில் கலியமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து தோளைப் பிடித்தான். “எனக்குக் குடுத்துட்டார்டா! உனக்குத்தான் கிடைக்கும்னு நெனச்சேன், சத்தியமா.”

நான் அட்டைகளை நீட்டினேன். அட்டையின் மேல் விளிம்பில் வரி அச்சாகியிருக்கும். முதல் அட்டையைப் படித்தான். இரண்டாவதைப் படிக்கவில்லை, தேவைப்படவில்லை.

“எப்ப பாத்த?”

“கூடை சாஞ்சப்ப.”

அவன் உட்கார்ந்துவிட்டான். டீயை ஒரு வாய் குடித்தான்.

“அம்மா சொன்னாங்கடா” என்றான்.

“என்ன சொன்னாங்க?”

“நீ கெளம்பிப் போனதும் சொன்னாங்க. ‘எல்லாரும் கூடையப் பாத்தா, அந்தத் தம்பி தாளப் பாத்துச்சு. அப்புறம் ஒன் மூஞ்சியப் பாத்துச்சு. என்னமோ இருக்கு, கேளுடா’ன்னாங்க.”

“நீ கேக்கலையே.”

“கேக்கல. ‘அவன் பாத்திருந்தா சொல்லியிருப்பாம்மா, கையெழுத்துப் போட்ருக்கான்’னு சொன்னேன்.”

கோபமே இல்லாமல் சொன்னான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது திட்டியிருப்பேன். என்னிடம் சரக்கு நிறைய இருந்தது. அவன் அட்டைகளை ரப்பர் வளையத்தில் மாட்டிக்கொண்டு, இயந்திர அறைப் பக்கம் நடந்துபோனான். பாதி டீ பெஞ்சிலேயே இருந்தது. படிப்பு முடிகிறவரை நாங்கள் பேசிக்கொண்டது, “பாலு, சாம்பாரை இப்படித் தள்ளு” என்கிற அளவுக்குத்தான்.

ஊருக்குப் போய் இடம் கிடைக்கவில்லை என்றேன். அப்பா காரணம் கேட்டார். “கையெழுத்து சரியில்லப்பா” என்றேன். அவருக்கு அது நியாயமான காரணமாகப் பட்டது.

மூன்று வருடம் ஒரு தொழிற்சாலையில் சரக்கு எண்ணுகிற நிரல்கள் எழுதினேன். பிறகு இந்தக் குழுவில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்; ஓரத்தில் கலியமூர்த்தி. சட்டைப் பையில் அதே நூல் சுற்றிய பேனா. மற்ற இருவரும் அரை மணி நேரம் கேட்டார்கள். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“அடுத்தவர் எழுதினதுல தப்பைப் பார்த்தா எப்ப சொல்வீங்க?”

முதல்முறையாக என்னை ‘வாங்க போங்க’ என்று பேசினான். அது எனக்குச் சுரீர் என்றது.

“கூடை சாயறதுக்குள்ள சொல்லிடுவேன்” என்றேன்.

மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் குனிந்து ஏதோ எழுதினான். வேலை கிடைத்தது.

சேர்ந்த முதல் வாரம் படித்துப் பழக அவன் எழுதிய அந்தப் பகுதியின் தாளைக் கொடுத்தார்கள். கல்லூரியில் எழுதியதையே அடித்தளமாக வைத்து வளர்த்திருந்தான். அந்த இடத்துக்கு வந்தேன். நான் கொடுத்தது நான்கு அட்டை. அங்கே ஐந்து இருந்தது. நான்குக்கும் முன்னால் ஒரு குறிப்பு வரி, நீங்கள் திரையில் வட்டமிட்டுக் காட்டியது. ஐந்துக்கும் அடுத்தடுத்த வரிசை எண். பிறகு எப்போதோ யோசித்துச் சேர்த்ததில்லை என்று அந்த எண் சொல்லிற்று. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனானே, அன்றைக்கே செய்தது.

தாளை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். “என்னடா இது?”

“உன்னோடதுதானே?” என்றான்.

“எடுத்துடுடா.”

“நீயே எடு. சேர்ந்துட்டேல்ல, இப்ப உனக்கும் அனுமதி உண்டு.” கொஞ்சம் பொறுத்து, “அம்மா உன்னைக் கேட்டாங்க. ஊருக்கு வந்தா சாப்பிட வரச் சொன்னாங்க” என்றான்.

போனேன். சாப்பிட்டேன். கூடைகள் வாசலில் ஐந்தைந்தாக அடுக்கியிருந்தன.

உங்கள் வேலையில் இப்போது கையெழுத்து இல்லை; ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள், அடுத்தவருடைய நிரல் தேறிவிடுகிறது. அழுத்துமுன் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். தவறைக் கண்டதும் கூப்பிட்டுக் காட்டியவன் ஒருவன்; கண்டதும் சந்தோஷப்பட்டவன் ஒருவன். சந்தோஷம் வருவதை உங்களால் தடுக்க முடியாது. எனக்குக் கடைசி வருடம் வரைக்கும் வந்தது. வந்தால் அதுவே அடையாளம். உடனே எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சமாளித்தேன். எவ்வளவு அதிகமாகச் சந்தோஷமோ, அவ்வளவு வேகமாக நடப்பேன். நான் பொறுப்பானவன் என்று நம் பிரிவில் பெயர் வந்தது அப்படித்தான்.

அந்த வரியை எடுக்க எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் அனுமதி இருந்தது. பலமுறை திறந்து பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று காலையிலும் திறந்தேன். எடுக்கவில்லை.

கலியமூர்த்தியின் பேனாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவன் நாற்காலியைப் பார்த்து, அவன் வீட்டுக் குழம்பைப் பார்த்து, கோபம் வராத அவன் குணத்தைப் பார்த்து. வயதானதில் ஒவ்வொன்றாக ஆறிவிட்டது. ஒன்று மட்டும் ஆறவில்லை. ‘பாத்திருந்தா சொல்லியிருப்பான்’ என்று அம்மாவிடம் அவன் ஒருத்தனைப் பற்றிச் சொன்னானே, அந்தப் பாலு. அந்தப் பாலுவின் பெயரைத்தான் கலியமூர்த்தி அந்த வரியில் எழுதி வைத்திருக்கிறான். விழாவில் நீங்கள் கைதட்டியதும் அவனுக்குத்தான். நான் தலையைக் குனிந்தது அடக்கத்தால் அல்ல. அந்தப் பாலுவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.